ஓநாயா, பேராசிரியையா, வில்லனா: ஒரு கோடைக்கு ஒரு காதல் தொடர்

காதலர்கள் மனம்விட்டுப் பேசவே நானூறு பக்கம் ஆகும் என்று தெரிந்தும் ஒரு புத்தகத்தைக் கையில் எடுக்கும் கூட்டம் ஒன்று உண்டு. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். மாயமும் மந்திரமும் நடமாடும் ஓர் உலகம், ஒருவரை ஒருவர் வாயால் வெல்லப் பார்க்கும் இரண்டு பேர், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு, அவசரமே இல்லாமல் கனியும் காதல். இந்த வகைத் தொடர்கள் ஆங்கிலத்தில் இப்போது குவிந்துகிடக்கின்றன. ஜப்பானிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்துசேர்பவை வேறு. இப்படிக் குவிந்துகிடப்பதுதான் தொல்லை. தனி நாவல் என்றால் பிடிக்காவிட்டால் ஓரமாக வைத்துவிடலாம். தொடரில் மூன்றாவது புத்தகத்துக்குப் போன பிறகு அலுத்துப்போனால் விடவும் மனம் வராது, மேலே படிக்கவும் கை ஓடாது. வாங்கிய பணம் வேறு உறுத்தும்.

கோடை நெருங்கினால் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில், நண்பகலில் லாங்கு பஜாரில்கூடக் கூட்டம் மெலிந்துவிடும். வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் அந்த வாரங்களைத் தள்ள ஒரு தொடர் வேண்டும். இந்த ஆண்டு கேட்டது குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகள். "சித்தி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பட்டியல் வேண்டாம்" என்றாள். ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் நான்கை எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

எதை வைத்து எடைபோடுவது? அதற்கு அளவுகோல் தேடி நாம் வெளியூர் போக வேண்டாம். வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் வள்ளிமலை இருக்கிறது. கந்தபுராணத்தின் கடைசியில் கச்சியப்ப சிவாசாரியார் பாடும் வள்ளியம்மை திருமணப் படலத்துக்கு நம் பக்கத்து ஜனங்கள் காட்டும் மலை அதுதான். பக்தி ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் படலத்தைக் கதையாக மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சூரபத்மனை வென்றவன், தினைப்புனம் காக்கும் ஒரு பெண்ணிடம் பேச்சுக்கொடுக்க வேடனாக வந்து நிற்கிறான். பேச்சு சூடுபிடிக்கும் நேரம் பார்த்து அவளுடைய தந்தை நம்பி ஆட்களோடு வந்துவிட, சட்டென்று வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். நேற்றுவரை இல்லாத மரம் இன்று எங்கிருந்து வந்தது என்று வேடர்கள் அதை வெட்டிப்போடத் துணிகிறார்கள். அந்தக் கண்டம் தப்பி, மறுபடி நம்பி வரும்போது தொண்டு கிழவர் வேடம். பசி என்கிறார், தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். தாகம் என்கிறார், சுனைக்கு அழைத்துப்போகிறாள். அதற்கு மேல் கிழவர் மெல்லக் காதல் என்று வாயைத் திறக்க, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார். கடைசியில் அண்ணனைக் கூப்பிட்டு யானையாக வரவழைக்க வேண்டியதாகிறது. தேவசேனாபதிக்கே இத்தனை பாடு.

இந்தக் கதையில் சிரிப்பு தனியாக, காதல் தனியாக இல்லை. காத்திருப்பதுதான் சிரிப்பை வரவழைக்கிறது. அவளுக்குத் தன் மானம் பெரிது. அவனுக்கோ, தான் யார் என்று சொல்லாமலே தன்னை அவள் விரும்ப வேண்டும் என்ற ஆசை. இடையில் நிற்கும் தடை இருவர் மனதிலும் இருக்கிறது. ஆசிரியர் வெளியிலிருந்து கொண்டுவந்து போட்டதில்லை. ஒவ்வொரு வேடமும் தோற்றாலும், தோற்ற பிறகு இருவரும் முன்னைவிட ஓரடி நெருங்கித்தான் இருக்கிறார்கள். திருவிழாக்களில் விடியவிடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தில், வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்துக்கு இன்றும் ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். முடிவு தெரியாமலா உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஆகவே என் கேள்விகள் இவை. இருவரையும் பிரித்துவைப்பது எது? சிரிப்பு அதிலிருந்து வருகிறதா, மேலே தூவியதா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஓரடியாவது நகர்கிறார்களா? இதோடு ஒரு லௌகீகக் கேள்வியும் உண்டு: தொடர் முடிந்துவிட்டதா?

வில்லனிடம் வேலைக்குச் சேர்ந்தவள்

இளம்பிள்ளைகள் முதலில் சொல்வது ஹானா நிக்கோல் மேஹ்ரர் எழுதிய 'அசிஸ்டென்ட் டு தி வில்லன்'. டிக்டாக்கில் அவர் நடித்துப் போட்ட சின்னச் சின்னக் காட்சிகளிலிருந்து வளர்ந்து 2023இல் புத்தகமானது. ஈவி சேஜ் என்ற பெண். நோயாளித் தந்தை, சிறு தங்கை என்று குடும்பப் பாரம் அவள் தலையில். நாட்டையே நடுங்கவைக்கும் வில்லனிடம் உதவியாளராகச் சேர்கிறாள். அலுவலகத்தில் வெட்டுண்ட தலைகள் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே காகிதம் அடுக்குவது, கணக்குப் பார்ப்பது, சக ஊழியையோடு முட்டிக்கொள்வது என்று அன்றாட வேலை நடக்கிறது. கிரீடம் வைத்த தவளை ஒன்று பேச முடியாமல் சிறு பலகைகளில் எழுதிக் காட்டுகிறது. நல்ல கற்பனை. மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் எவரும் முதல் ஐம்பது பக்கத்துக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஐம்பது பக்கத்துக்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. முதலாளிக்கு அவள்மேல் ஆசை, அவளுக்கு முதலாளிமேல் ஆசை. அலுவலகத்தில் தவளை முதற்கொண்டு எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது. சம்பந்தப்பட்ட இருவருக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று கேட்டால், தெரிந்துவிட்டால் அடுத்த புத்தகம் இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் கிடைக்கவில்லை. முதல் புத்தகம் அந்தரத்தில் விட்டுவிட்டு நிற்கும். 2024இல் ஒன்று, 2025இல் ஒன்று என்று மேலும் இரண்டு வந்தும், மூன்றாவதோடு கதை முடிந்துவிடவில்லை. தொடராக வாங்குவதற்கு எனக்கு இதுதான் பெரிய குறை.

ஆனாலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது. காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போய்வரும் சீசன் டிக்கெட்காரர்களுக்கு ஏற்ற புத்தகம் இது. காலை ரயிலில் அரைத் தூக்கத்தில் படித்தாலும் கதை புரியும், அரக்கோணத்தில் கூட்டம் ஏறும்போது மூடிவைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. அப்படிப் படிப்பவர்கள் என் முணுமுணுப்பைக் கண்டுகொள்ள வேண்டாம்.

நாட்குறிப்பில் ஒரு காதல்

இதற்கு நேர் எதிரான சுபாவம் கொண்டது எமிலி வைல்ட் தொடர். கனடாவைச் சேர்ந்த ஹெதர் ஃபாசெட் எழுதியது. 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்' 2023இல் வந்தது. அடுத்த இரண்டும் 2024, 2025 என்று வரிசையாக வந்து கதை முடிந்துவிட்டது. மூன்றே புத்தகம். காலம் 1909. எமிலி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபேரிகளை ஆராயும் பேராசிரியை. காட்டிலும் மலையிலும் மறைந்து வாழும் அந்தக் குட்டித் தேவதைகளைப் பற்றி முழுமையான கலைக்களஞ்சியம் ஒன்றை எழுதிமுடிக்க வேண்டும் என்பதுதான் அவள் வாழ்க்கை லட்சியம். அதற்காக வடகோடியில், பனி மூடிய ஹ்ராஃப்ன்ஸ்விக் என்ற சிற்றூருக்கு நாயோடு போய் இறங்குகிறாள்.

ஃபேரிகளோடு பேசத் தெரிந்தவளுக்கு மனிதர்களோடு பேசத் தெரியவில்லை. புத்தகத்தின் சிரிப்பு முழுக்க இந்த ஒரு குணத்திலிருந்து ஊறுகிறது. சுனையருகே குடியிருக்கும் குட்டி ஃபேரியோடு பண்டமாற்று பேசி, அதன் நம்பிக்கையைப் பெற்றுவிடுகிறாள். ஊர்த்தலைவியை எந்த வார்த்தையால் புண்படுத்தினோம் என்பது மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லை. அடுப்புக்கு விறகு பிளக்கத் தெரியாது. குளிரில் நடுங்கிக்கொண்டே குறிப்பு எழுதுகிறாள். அந்த நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்குகிறான் வெண்டெல் பாம்பிள்பி. சக பேராசிரியன், அழகன், பெரிய சோம்பேறி, ஆராய்ச்சியில் தில்லுமுல்லு செய்தவன் என்று பெயரெடுத்தவன். வந்த வேகத்தில் ஊரையே தன் பக்கம் இழுத்துவிடுகிறான். அதைவிட எமிலிக்கு எரிச்சல், அந்தக் குளிர்ந்த குடிலை அவன் வீடாக மாற்றுவதுதான். வேலை என்றால் ஓடுகிறவன், ஊசியும் நூலும் கிடைத்தால் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிடுகிறான். கிழிந்த கோட்டோடு திரியும் அறிவாளிப் பெண்ணும், அதைப் பார்க்கப் பொறுக்காமல் வாங்கித் தைத்துக் கொடுக்கும் சோம்பேறி ஆணும். காதல் என்ற சொல் வருவதற்கு வெகுமுன்பே காதல் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

முழுக்கதையும் எமிலியின் நாட்குறிப்பாகப் போகிறது, அடிக்குறிப்புகளோடு. காதல் கதைக்கு அடிக்குறிப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். தனக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளத் தெரியாத ஆராய்ச்சியாளர் அவள். உதடு துடித்தது என்று எழுத வேண்டிய இடத்தில், அயர்லாந்து ஃபேரிகளின் வழக்கம் பற்றி ஒரு பத்தி எழுதுகிறாள். ஓரிடத்தில் அவள் இல்லாத நேரத்தில் வெண்டெலே அந்த நாட்குறிப்பை எடுத்து எழுதிவைக்கிறான். அதுவரை அவள் கண்ணால் மட்டுமே பார்த்த மனிதனை அந்தப் பக்கங்களில்தான் அவன் குரலில் கேட்கிறோம். முதல் புத்தகத்திலேயே அவன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுவிடுகிறான். அவள் பதில் சொல்லாமல் இரண்டாவது புத்தகத்துக்கு, ஆஸ்திரிய மலைகளுக்கு, நம்மையும் அவனையும் இழுத்துக்கொண்டு போகிறாள். இந்தத் தாமதம் எனக்குக் கோபம் வரவழைக்கவில்லை. வெண்டெல் உண்மையில் மனித வேடத்தில் திரியும் ஃபேரி. ஃபேரிகளை மணந்த மனிதர்களின் கதி என்ன என்று ஆயிரம் கதை படித்தவள் உடனே தலையாட்டிவிட்டால்தான் அவளை நம்ப முடியாது.

குறை இல்லாமல் இல்லை. மூன்றாவது புத்தகத்தில் ஃபேரி ராஜ்ஜிய விவகாரம் பெருகி, வீட்டுச் சண்டையின் ருசி குறைந்துவிடுகிறது. நடை கொஞ்சம் பழைய பாணி, பேராசிரியை பேசும் ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு முதல் ஆங்கில நாவலைத் தேடுபவருக்கு இதைக் கொடுக்க மாட்டேன். இருபது பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்கு என் கையில் வேறொன்று இருக்கிறது. டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்'. ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 2004இல் எடுத்த திரைப்படத்தால் பெயர் பலருக்குத் தெரியும். படத்தில் போர் பெரிதாகி, நகைச்சுவை பின்னால் போய்விட்டது. புத்தகத்து ஹவுல் வேறு ஆள். குளியலறைக்குள் போனால் இரண்டு மணி நேரம் வெளியே வராத அழகு வெறியன். தொப்பிக் கடைப் பெண் சோஃபி, சூனியக்காரியின் சாபத்தால் கிழவியாகி, அவன் கோட்டையில் பெருக்கித் துடைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறாள். அவள் குளியலறையைச் சுத்தம் செய்கிறேன் என்று பொடிகளையும் குப்பிகளையும் இடம் மாற்றி வைத்துவிட, ஹவுலின் தலைமுடி நிறம் மாறிப்போகிறது. உலகமே அழிந்துவிட்டது போலக் கத்திவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, உடம்பிலிருந்து பச்சைப் பசை வழிய வழிய மௌனவிரதம் இருக்கிறான். அடுப்பிலிருக்கும் நெருப்புப் பூதம் கால்சிஃபர், பசை தன்மேல் வந்து தன்னை அணைத்துவிடும் என்று அலறுகிறது. சோஃபி திட்டிக்கொண்டே அவனைக் குளியலறைக்கு இழுத்துப்போகிறாள். கிழவி வேடத்தில் இருப்பதால் அவளுக்கு வாய் நீளம். இளம்பெண்ணாக இருந்தவரை தங்கைகளிடம்கூடச் சொல்லாததை எல்லாம் இவனிடம் சொல்லிவிடுகிறாள். நம் வள்ளிமலைக் கதையில் வேடம் போட்டது அவன், இங்கே வேடம் அவள்மேல் விழுந்திருக்கிறது.

சிறு பிள்ளைகளும் படிக்கலாம், பாட்டிமாரும் படிக்கலாம். தொடர் என்று பார்த்தால் மட்டும் ஏமாற்றம். 1990இலும் 2008இலும் வந்த அடுத்த இரண்டு நாவல்களில் கதாநாயகர்கள் வேறு. சோஃபியும் ஹவுலும் துணைப் பாத்திரங்களாகத்தான் தலைகாட்டுகிறார்கள். நான்கு நாளில் படித்துவிட்டு மேலும் கேட்டால் கொடுக்க ஒன்றுமில்லை. கோடைக்குப் போதாது.

வியாபாரியும் ஓநாயும்

நான் கடைசியாக வைத்திருப்பது ஜப்பானியத் தொடர். இசுனா ஹசெகுராவின் 'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்'. முதல் புத்தகம் ஜப்பானில் 2006இல் வந்தது. 2011இல் 17ஆவது புத்தகத்தோடு மூலக்கதை முடிந்தது. யென் பிரஸ் பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறது. இதன் பழைய அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடர், 2008இல் தொடங்கியது. 2024இல் ஆரம்பத்திலிருந்து புதிதாக 25 அத்தியாயங்கள் எடுத்திருக்கிறார்கள்.

லாரன்ஸ், வண்டியில் சரக்கேற்றி ஊர் ஊராகப் போகும் வியாபாரி, வயது இருபத்தைந்து. பேச்சுத்துணைக்கு வண்டிக் குதிரைதான். ஒரு கிராமத்தைத் தாண்டும்போது, கோதுமை விளைச்சலைக் காத்துவந்த ஓநாய்த் தெய்வம் பெண்ணுருவில், ஓநாய்க் காதோடும் வாலோடும் அவன் வண்டியில் படுத்திருக்கிறாள். பெயர் ஹோலோ. ஊர்க்காரர்கள் தன்னை மறந்துவிட்டார்கள், வடக்கே பிறந்த ஊருக்குத் திரும்ப வேண்டும், கூட்டிக்கொண்டு போ என்கிறாள். பேரம் படிகிறது. பதினேழு புத்தகமும் அந்தப் பயணம்தான். கத்திச்சண்டை அபூர்வம், மந்திரப்போர் கிடையாது. வருவதெல்லாம் நாணய மாற்று, கடன், கொள்முதல், வதந்தி, விலை ஏற்றம், விலைச் சரிவு.

இதைக் கேட்டதும் பலர் முகம் வாடும். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு வாட வேண்டிய அவசியமில்லை என்பது என் கட்சி. முதல் புத்தகத்தில் லாரன்ஸ் ஒரு பெரிய வணிக நிறுவனத்தில் மார்ட்டன் என்ற சிறு விலங்கின் மென்மயிர்த் தோல்களை விற்கப் போகிறான். விலை பேசி ஏறக்குறைய முடிந்துவிட்டது. பக்கத்தில் கன்னியாஸ்திரீ போல முக்காடிட்டு நிற்கும் ஹோலோ இடையில் புகுந்து, தோலை முகர்ந்து பாருங்கள் என்கிறாள். கொள்முதல்காரர் முகர்கிறார், பழ வாசனை. பழம் நிறைந்த காட்டில், பழம் தின்று வளர்ந்த விலங்கின் தோல் இது, சாதாரணச் சரக்கில்லை என்று அளந்துவிடுகிறாள். விலை எகிறுகிறது. வெளியே வந்த பிறகுதான் லாரன்சுக்கு விஷயம் தெரிகிறது: வண்டியில் தோல்களுக்கு நடுவே இவள் ஆப்பிளைப் போட்டுவைத்திருந்தாள். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோலைத் தொட்டு, தடவி, மடித்து, முகர்ந்து தரம் சொல்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். டேனரி கணக்குப் பார்க்கும் என் உறவுக்காரர் ஒருவர் கதைப்புத்தகம் தொடாதவர். இந்த ஒரு காட்சியைச் சொன்னதும், "அந்தக் கொள்முதல்காரன் பிறகு கண்டுபிடித்தானா?" என்று கேட்டார். கண்டுபிடித்தாலும் அவனுக்குக் கோபம் வராது, நல்ல வியாபாரி என்றால் ரசிக்கத்தான் செய்வான் என்பது ஹோலோவின் வாதம். உறவுக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

வியாபாரம் இங்கே அலங்காரத்துக்கு வைத்ததில்லை. வெள்ளி நாணயத்தில் வெள்ளி கூடப்போகிறது என்று ஒரு செய்தி வருகிறது. நாணயங்களின் ஓசையைக் கேட்டு ஹோலோ அது உண்மையில்லை என்கிறாள். அவள் காதை நம்பி அவன் கைமுதலை வைக்க வேண்டும். இரண்டாவது புத்தகத்தில் கவச வியாபாரத்தில் விலை விழுந்து கடனாளியாகிறான். ஊர் முழுக்கக் கடன் கேட்டுத் திரியும்போது அவள் கூடவே வருகிறாள். ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடன் கேட்க வருகிறானே என்று எல்லோரும் கதவைச் சாத்துகிறார்கள். ஆத்திரத்தில் அவள் கையைத் தட்டிவிடுகிறான். அந்த நிமிடத்தில் அவன் முகம் எப்படி மாறுகிறது என்பதற்காகவே அந்தப் புத்தகத்தைப் படிக்கலாம். மூன்றாவதில் ஒரு பணக்கார இளைஞன் ஹோலோவை மணக்க ஆசைப்பட்டு, அவள் லாரன்சுக்குக் கொடுக்க வேண்டிய கடனைத் தான் அடைப்பதாகச் சந்தையில் சவால் விடுகிறான். பைரைட் என்ற பொன்னிறக் கல்லின் விலை வேளைக்கு வேளை ஏறுகிறது. அந்த விலைப்பட்டியல் லாரன்சின் பதற்றத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஆசிரியர் தனியாக விளக்க வேண்டிய தேவையே இல்லை.

சரி, இவர்களைப் பிரித்துவைப்பது எது? காதல் இருப்பது இருவருக்கும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஹோலோ பல நூற்றாண்டு வாழ்ந்தவள், இன்னும் பல நூற்றாண்டு வாழப்போகிறவள். அவனோ மனிதன். எத்தனை இனிப்பான நாளும் பழகப் பழகச் சலித்துவிடும், சலிக்கும் முன்பே பிரிந்துவிட்டால் நல்லது என்று ஐந்தாவது புத்தகத்தில் அவள் நினைப்பது நமக்கும் நியாயமாகவே படுகிறது. அவள் கேலி அத்தனையும் அந்தப் பயத்தை மூடிவைக்கும் போர்வை. ஆப்பிளுக்காகவும் மதுவுக்காகவும் அவன் பணப்பையைக் காலி செய்வாள், அவன் கணக்குச் சொல்லிப் புலம்புவான், அவள் வாலைச் சீவிக்கொண்டே சிரிப்பாள். அப்படிச் சிரித்துவிட்டு இரவில் தனியாக அழுவதையும் ஓரிரு முறை பார்க்கிறோம். ஈவி சேஜ் ஏன் காத்திருக்கிறாள் என்று கேட்டபோது கிடைக்காத பதில், இங்கே ஒவ்வொரு புத்தகத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எட்டிலிருந்து பதினைந்து வரை சில இடங்களில் கதை நொண்டும். வணிகச் சதி அவ்வளவு சிக்கலாகி, யார் யாருக்குக் கடன் என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டு படிக்க வேண்டிவரும். பதினேழு புத்தகம் வாங்குவது சாதாரணச் செலவில்லை. மின்னூலாக வாங்கினால் சற்றுத் தாங்கலாம். அனிமேயைக் கூடத்தில் வீட்டார் நடுவில் போட்டுவிடாதீர்கள். முதல் அத்தியாயத்தில் ஹோலோ உடையில்லாமல் அறிமுகமாகிறாள். ஆபாசமாக ஒன்றும் நடக்காது, ஆனாலும் உங்கள் அம்மாவுக்கு அதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இன்னொரு எச்சரிக்கை: இதே உலகத்தில் பிறகு தொடங்கிய தொடர்களின் பின்னட்டையைப் படிக்காதீர்கள், இந்தக் காதல் எங்கே போய் முடிந்தது என்பது அங்கே வெட்டவெளிச்சமாக இருக்கும்.

வேறு சில பெயர்களும் பரிந்துரையாக வந்தன. டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களில் காவலர் வைம்ஸும், டிராகன் வளர்க்கும் சிபில் சீமாட்டியும் நெருங்குவது அருமை. சிரிப்பில் மற்ற எல்லோரையும்விட பிராட்செட்தான் மேல். ஆனால் 41 நாவலில் காதலுக்கு ஒதுக்கிய இடம் சொற்பம். 'இனுயாஷா' என்ற ஜப்பானியப் படக்கதை (மங்கா) 56 தொகுதி. சண்டை பிடித்தவர்களுக்குப் போதும். 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' வாளை மூலையில் சாத்திவிட்டுக் காபிக்கடை வைக்கும், ஓர்க் என்ற அரக்க இனத்துப் பெண்ணின் கதை. அவளுக்கும் உடன் வேலை செய்யும் பெண்ணுக்கும் மெல்ல அரும்பும் அன்பு இதமாக இருக்கிறது. இரண்டு மாலையில் முடிந்துவிடும், ஃபில்டர் காபி குடிக்கத் தூண்டும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

அக்கா மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. உனக்கு ஒரு மாதத்தில் முடிய வேண்டும், ஆங்கிலம் சிரமமில்லை, முழுக்கதையும் கையில் இருக்க வேண்டும் என்றால் எமிலி வைல்ட். கோடை தாண்டியும், ஆடி தாண்டியும், தீபாவளி வரை உன்னோடு வரும் இரண்டு பேர் வேண்டும் என்றால் ஹோலோவும் லாரன்சும். ஒன்றுதான் என்று நீ பிடிவாதம் பிடிப்பதால் ஓநாய் என்றேன். அவள் கல்லூரியில் வணிகவியல் படிப்பவள். அந்த வகையிலும் பொருத்தம்.

"சித்தி, பதினேழா?" என்று அவள் இழுத்தாள்.

பதினேழையும் மொத்தமாக வாங்கத் தேவையில்லை. 2008 அனிமேயின் முதல் ஆறு அத்தியாயங்களைப் பார்த்தால் முதல் புத்தகத்தின் நாணயக் கதை முழுதாக முடிந்துவிடும். அதில் ஹோலோ பேசும்போது சிரிப்பு வராவிட்டால் தொடர் உனக்கானதில்லை, நேரே எமிலியிடம் போய்விடு. சிரிப்பு வந்தால் முதல் புத்தகத்திலிருந்து படி, அனிமேயில் கணக்குவழக்கைச் சுருக்கியிருக்கிறார்கள். முதல் ஐந்தை மட்டும் வாங்கிக்கொள். ஐந்தாவதில் அவர்கள் ஒரு முடிவுக்கு வருவார்கள்; அங்கே நிறுத்தினாலும் குறையாகத் தெரியாது. மேலே போவதானால் 7, 11, 13 மூன்றும் சிறுகதைத் தொகுப்புகள், அவற்றைத் தாண்டிப் போய்விட்டு, பதினேழையும் முடித்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.